பத்திரத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஓர் ஊரில், என் மகளுக்கு வீடு கட்டுவதற்காக எட்டு சென்ட் இடம் வாங்கினேன். வாங்கிய இடத்தில் இன்றுவரை வீடு கட்ட முடியவில்லை. பொள்ளாச்சி, கோவைப் பக்கமிருந்து இங்கே இடம் தேடி வருபவர்கள் பெருகியிருப்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஏமாந்தது ஒரே ஒரு சொல்லில். ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) இடத்தின் வகை ‘நிலம்’ என்று எழுதியிருந்தது. நமக்கு நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். ஆனால் கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்பது நாம் நஞ்சை என்று சொல்லும் நெல்வயலைக் குறிக்கும். வீட்டுக்குரிய மேட்டு இடத்தைப் ‘புரையிடம்’ என்றே எழுதுவார்கள். மலையாளம் பேசத் தெரிந்த எனக்கும் ஆதார மொழி பழக்கமில்லை. சந்தேகப்பட்டு நேரடியாகவே கேட்டேன். “எல்லா ஆதாரத்துலயும் அப்படித்தானுங்க அண்ணா இருக்கும்” என்றார் தரகர். அருகிலிருந்த ஆதாரம் எழுதுபவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கால்வாய்த் தண்ணீர் சரியாக எட்டாத கடைமடை என்பதால் இடம் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்து, சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. பயிரே இல்லாத இடம் எப்படி வயலாகும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டமோ, நெல் சாகுபடிக்கு ஏற்றதாக இருந்து பயிரிடாமல் தரிசாக விடப்பட்ட இடத்தையும், அதன் வரப்பையும் வாய்க்காலையும் கூட, நெல்வயல் என்றே கணக்கிடுகிறது. அடுத்த மனையிலிருந்த ஓட்டு வீட்டைக் காட்டி, “அவங்க கட்டலையா?” என்று தரகர் கேட்டதும் என் வாயை அடைத்துவிட்டது. அந்த வீடு சட்டம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதிவு முடிந்த பிறகு, அதே தரகர் அழைத்து வந்த ஒருவர் பஞ்சாயத்து அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி எண்பதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டார். விண்ணப்ப எண் என்று ஒன்றை எழுதிக் கொடுத்து, அஸ்திவாரம் தோண்டலாம் என்றார். கருங்கல் இறக்கிய நான்காம் நாள் வில்லேஜ் ஆபீஸிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் மெமோ வந்தது. பஞ்சாயத்தில் விசாரித்தபோது என் பெயரில் எந்த விண்ணப்பமும் பதிவாகவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக மாற்றிய வயலில் கட்ட உள்ளாட்சி அமைப்பு அனுமதி தரக்கூடாது என்பதும், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

எனது இடம் டேட்டா பேங்க் எனப்படும் நெல்வயல் பட்டியலில் இருந்தது. அதிலிருந்து நீக்கக் கோரி ஐந்தாம் படிவம் கொடுத்தேன். 2008 ஆகஸ்ட் 12 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இடம் எந்த நிலையில் இருந்தது என்பதையே பார்க்கிறார்கள். மாநிலத் தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் அறிக்கையில் அது அன்று வயலாகவே தெரிந்ததால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதிகாரிகளிடம் எனக்குக் குறை இல்லை. வயலைக் காப்பது அவசியம் என்றே நானும் நம்புகிறேன். வயலை வீட்டுமனை என்று விற்றவர்கள்மீதுதான் என் கோபம் முழுவதும்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நீங்களே கிருஷி பவன் எனப்படும் வேளாண் அலுவலகத்துக்குப் போய், டேட்டா பேங்கில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன வகை எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். டேட்டா பேங்கில் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் ‘நிலம்’ என்றிருந்தால், தரம் மாற்ற வருவாய் அதிகாரியிடம் தனி விண்ணப்பம் தேவைப்படும். ஐம்பது சென்ட் வரை அதற்கு ஆறாம் படிவம். அந்த உத்தரவை விற்பவரே வாங்கித் தரட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா வழக்கத்தை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தரகர் சென்ற வாரமும் அதே வரப்பை ஒட்டிய இரண்டு மனைகளை ஒரு குடும்பத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் காரில் கிளம்பிவிட்டார்கள்.