'நிறுத்து' என்றால் எந்த நிறுத்து? பாட்டுக் கருவியை ஏஜென்டுக்கு விளக்கும் மூன்று வழிகள்

தக்கலையில் மாமாவின் மைக் செட் கடையில் பழைய லினக்ஸ் மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கோவில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடுவது அதுதான். மாமா கைபேசியில் தமிழில் எழுதி அனுப்புவார். நமக்காகக் கணினியில் வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் அதைப் படித்து, பாட்டு பிளேயர்களைக் கட்டுப்படுத்தும் பிளேயர்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியை இயக்கும். கருவியை நிறுவ அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அதை ஏஜென்டுக்கு விளங்கும்படி எழுதி வைப்பதற்குள் மூன்று கொடை முடிந்துவிட்டது.

முதல் கொடைக்கு நான் ஒன்றுமே எழுதவில்லை. கருவியோடு வரும் உதவி உரையையே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரணியல் பக்கம் ஓர் அம்மன் கோவில். வில்லுப்பாட்டுக் குழு மேடையேறி குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா, "பாட்டை நிறுத்து" என்று அனுப்பினார். ஏஜென்ட் 'ஸ்டாப்' கொடுத்தது. இடைவேளையில் "போடு" என்றார். 40 நிமிட நாகஸ்வரப் பதிவு முதல் நொடியிலிருந்து மறுபடி தொடங்கியது.

"மருமகனே, நிறுத்தத்தானே சொன்னேன்? மூட்டை கட்டச் சொன்னேனா?"

தவறு ஏஜென்டினுடையதல்ல. லினக்ஸ் பிளேயர்களை வெளியிலிருந்து இயக்குவதற்கான எம்பிரிஸ் என்ற பொது விதிப்படி, 'பாஸ்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'ஸ்டாப்' கொடுத்தால் பாட்டின் தொடக்கத்துக்குப் போகும். தமிழில் இரண்டுமே 'நிறுத்து'. உதவி உரை கட்டளைகளை வரிசையாகச் சொல்லும். எதை எப்போது எடுப்பது என்று சொல்லாது. இன்னொரு குழி: பல பிளேயர்கள் திறந்திருக்கும்போது பெயர் சொல்லாவிட்டால், இந்தக் கருவி முதலில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். பிரவுசரில் திறந்து கிடக்கும் வீடியோவும் அதற்கு ஒரு பிளேயர்தான். ஆனாலும் உதவி உரைக்கு ஒரு பெருமை உண்டு: கணினியில் இருக்கும் பதிப்புக்குரிய உரை அது. நான் எழுதும் எதற்கும் அந்த உறுதி கிடையாது.

அடுத்த கொடைக்கு எம்சிபி. ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை இது. ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஜேசான் என்ற தரவு வடிவில் ஒரு வரையறை ஆகிய மூன்றையும் எழுதி வைப்போம். எண்கள் விஷயத்தில் இதற்கு ஈடில்லை. பாட்டுக் கருவிகளில் அளவுக் குழப்பம் அந்த அளவுக்கு மோசம். ஒலி அளவு பிளேயர்சிடிஎல்லில் 0.0 முதல் 1.0 வரை, எம்பிடி என்ற இன்னொரு பிளேயரில் 0 முதல் 100 வரை. பாட்டில் எந்த இடம் என்பதை பிளேயர்சிடிஎல் நொடியிலும், ஸ்பாட்டிஃபையின் இணைய இடைமுகம் மில்லி நொடியிலும், எம்பிரிஸ் மைக்ரோ நொடியிலும் கணக்கிடுகின்றன. '40' என்று ஏஜென்ட் சொன்னால் அது எதில் 40? வரையறையில் 'முழு எண், 0 முதல் 80 வரை' என்று எழுதி, கருவியை இயக்கும் எம்சிபி சர்வரிலும் அதைச் சரிபார்த்தால் 81 உள்ளே நுழையாது. நள்ளிரவில் கோவில் ஒலிபெருக்கி அலறினால் ஊர் சும்மா இருக்காது.

இதன் குறை, கனம். நான் ஆசைப்பட்டு 14 கருவிகள் எழுதினேன். மாமாவுக்கு வேண்டியது ஐந்து. பொதுவாக இந்த விளக்கங்கள் எல்லாம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு உரையாடலிலும் ஏஜென்டின் நினைவில் இடம் பிடிக்கின்றன. போதாததற்கு, 'அடுத்தது', 'தாவு' என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஏஜென்ட் தடுமாறியது. அதுவும் நான் செய்த வினைதான்.

மூன்றாவது, ஏஜென்டுக்கு ஒரு வேலையைச் சொல்லித்தரும் ஸ்கில் கோப்பு. மார்க்டவுன் என்ற எளிய குறிகளோடு எழுதிய சாதாரண உரை; தலையில் பெயரும் ஒரு சிறு விளக்கமும். ஏஜென்ட் முதலில் அந்தத் தலையை மட்டும் பார்க்கும். பாட்டுப் பேச்சு வந்தால்தான் உள்ளே போய்ப் படிக்கும். இதில் எனக்குப் பிடித்தது, மாமாவின் பேச்சை அப்படியே எழுதி வைக்க முடிவது. 'நிறுத்து: பாஸ். ஸ்டாப் வேண்டாம். மாமா "மூட்டை கட்டு" என்றால் மட்டும் ஸ்டாப்.' 'எந்தக் கட்டளைக்கு முன்னும் பிளேயர் பட்டியலைப் பார், பிரவுசரைத் தொடாதே.' 'கட்டளை கொடுத்த பிறகு நிலையைக் கேட்டு உறுதி செய். உனக்குக் காது இல்லை.' கடைசி வரியைச் சேர்த்த பிறகு, பாட்டு ஓடாமலேயே 'போட்டுவிட்டேன்' என்று பதில் வருவது நின்றது.

ஆனால் கோப்பில் எழுதியது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. 80க்கு மேல் போகாதே என்று எழுதலாம். ஒரு நாள் போகும். அதனால் ஒலி அளவை மட்டும் எம்சிபி கருவியாகவே விட்டுவிட்டேன். மற்ற 13 கருவிகளையும் எடுத்துவிட்டு அந்த வேலைகளை ஸ்கில் கோப்புக்கு மாற்றினேன். கோப்பில் இல்லாத அபூர்வக் கட்டளை வேண்டுமென்றால் உதவி உரையைத் திறந்து பார் என்று கடைசியில் ஒரு வரி. ஒரே கணினி, ஒரே ஆள், வாய்ப்பேச்சில் கட்டளை என்றால் நான் முதலில் எழுதுவது ஸ்கில் கோப்புதான். பல பேர், பல வகை பிளேயர் என்றால் எம்சிபிக்குப் போவேன்.

இப்போது மாமாவே சொற்களைச் சேர்க்கிறார். போன வாரம் 'போதும்' என்பதில் மாட்டிக்கொண்டோம். சில நேரம் அடுத்த பாட்டு, சில நேரம் சத்தத்தைக் குறை. அந்த வரிக்கு நேரே 'மாமாவிடம் கேள்' என்று எழுதியிருக்கிறேன்.