பன்புல் சிலுவையும் சோடா ரொட்டியும்: பண்டாரவளையில் புனித பிரிஜிட் விழா

பெப்ரவரி முதலாம் திகதி அயர்லாந்தில், அந்நாட்டின் காவல் புனிதரான பிரிஜிட் என்ற துறவியின் நாள். 2023 முதல் அதற்காக அங்கே பொது விடுமுறையும் விடுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயரில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் பொது விடுமுறை அதுதான். பண்டாரவளைக்கு அருகே விடுதி நடத்தும் ஐரிஷ் குடும்பம் ஒன்று ஆண்டுதோறும் இந்த நாளைக் கொண்டாடுகிறது. இம்முறை என் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். அத்தை கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

விழாவின் உயிர் சிலுவை பின்னுவதில்தான் இருக்கிறது. அங்கே கோரையில் பின்னுவார்கள், இங்கே பன்புல். ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை மடித்து அதில் கோத்து, கால்வட்டம் திருப்பி அடுத்ததைக் கோக்க வேண்டும். போகப் போக நடுவில் சதுரம் எழும்பி நான்கு கைகள் நீளும். வீட்டைத் தீ அண்டாதிருக்க வாசலுக்கு மேல் மாட்டுவார்களாம். காய்ந்த புல் எல்லார் கையிலும் முறிந்துகொண்டே இருந்தது. அத்தை ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்துக் கொடுத்த பிறகே வேலை ஓடியது. அவருடைய அப்பா கொழுந்துக் கூடை முடைந்தவர்.

பிறகு கதை சொன்னார்கள். மடம் கட்ட பிரிஜிட் நிலம் கேட்டபோது லெய்ன்ஸ்டர் அரசன் மறுத்தானாம். "என் மேலங்கி மூடும் அளவாவது கொடு" என்றாராம். விரித்த அங்கி வெளியெங்கும் பரவிவிட்டதாம். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்ட அத்தை, "நாம் தோட்டத்துக்காரர் வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கே இன்னும் அலைகிறோமே" என்றார்.

சோடா ரொட்டி அருமை. ஈஸ்ட் இல்லை, மோரும் அப்பச்சோடாவும்தான். கட்டச்சம்பலோடு நன்றாகச் சேர்கிறது. சூப் ஆறிப்போயிருந்தது.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. மேடையில் எல்லாமே ஆங்கிலம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்திருந்தார்கள், ஆனால் தட்டேந்திப் பரிமாறுவதற்கு. 1930களிலேயே மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் உரிமைக்காகப் பாடிய மலை இது. பெண்களைக் கொண்டாடும் விழாவில் அந்தப் பாட்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்கக் கூடாதா? விடுதிக்காரரிடமே கேட்டேன். அடுத்த ஆண்டு செய்வதாகச் சொல்லி, அத்தையின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியில் போகலாம். திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள், இருட்டிய பின் அந்தப் பாதையில் எதுவும் கிடைக்காது. கம்பளிச் சட்டை கட்டாயம்.