லா பாஸ் கேபிள் கார்: பொலிவியா போனால் கட்டாயம் ஏறுங்கள்

பொலிவியா போய் வந்ததிலிருந்து மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் உயூனி உப்பு வெளியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அழகுதான், பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. ஆனால் எனக்கு அந்த நாட்டைக் கிட்டத்தில் காட்டியது லா பாஸ் நகரத்துக் கேபிள் கார். மி டெலிஃபெரிகோ என்று பெயர்.

லா பாஸ் பெரிய பள்ளத்துக்குள் கட்டிய ஊர். அதன் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே, எல் ஆல்டோ. அய்மாரா என்ற பூர்வகுடி மக்கள் நிறைய வாழ்கிற உழைப்பாளிகளின் நகரம். மேலே குடியிருந்துகொண்டு கீழே வேலைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் மினிபஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டுதான் வர வேண்டும். 2014-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று தடங்களைத் திறந்தார்கள், இப்போது பத்து தடங்கள், 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. லங்காவி கேபிள் காரைக் கட்டிய டொப்பல்மயர் என்ற ஆஸ்திரியக் கம்பெனிதான் இதையும் கட்டியிருக்கிறது. லங்காவியில் நாம் படம் எடுக்க ஏறுகிறோம், இங்கே சனங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் ஏறுகிறார்கள். தோட்டத்து பஸ் எப்போது வரும் என்று ரோட்டோரம் நின்றே வளர்ந்தவன் நான், ஒரு பெட்டி போவதற்குள் அடுத்த பெட்டி வந்து நிற்பதைப் பார்க்கவே மனசு நிறைந்துவிட்டது.

பழைய ரயில் நிலையத்தில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் சிவப்புத் தடத்தில் ஏறினோம். ஆளுக்கு மூன்று பொலிவியானோ, சுமார் இரண்டு ரிங்கிட். எதிரே உருண்டைத் தொப்பியும் மடிப்பு மடிப்பான பாவாடையுமாக ஒரு அம்மா, முதுகில் பல வண்ணக் கோடு போட்ட துணியில் மூட்டை. உள்ளே வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூட்டைக்குள் கறுத்துச் சுருங்கிய சின்னச் சின்ன உருண்டைகள். அண்ணி எடுத்துப் பார்த்து, "என்ன தம்பி இது, கல்லு மாதிரி இருக்கு?" என்றார். சுன்யோ. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காய வைப்பது, வருடக்கணக்கில் கெடாது. அந்த அம்மா சைகையிலேயே மிதித்துக் காட்டினார், அண்ணிக்கு ஒரே சந்தோஷம். கீழே பார்த்தால் கல்லறைத் தோட்டம், அடுக்கடுக்கான மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே பூ. பத்து நிமிடத்தில் மேலே போய்விட்டோம். வியாழன், ஞாயிறு என்றால் அங்கே பெரிய சந்தை கூடும், அந்த நாளாகப் பார்த்துப் போங்கள். வானம் தெளிந்திருந்தால் 6,438 மீட்டர் உயர இல்லிமானி பனிமலையும் தெரியும்.

குறையும் உண்டு. வேலை விடும் நேரத்தில் வரிசை நீளும். காற்றோ மின்னலோ பலமாக இருந்தால் நிறுத்திவிடுகிறார்கள், அது நம் பாதுகாப்புக்குத்தான், சரி. தடம் மாறினால் மறுபடியும் கொஞ்சம் காசு கட்ட வேண்டும், தினமும் போகிற கூலிக்காரருக்கு அது சுமைதான்.

எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்சி உயரத்தால் வரும் உடல் கோளாறைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதில்தான் எனக்குக் கோபம். பொலிவியாவின் தாழ்நில நகரமான சாந்தா குரூஸ் 400 மீட்டர்தான், நம் பேராக் மாதிரியே புழுக்கம். அங்கிருந்து விமானம் நேராக எல் ஆல்டோவில், 4,061 மீட்டரில் இறக்கிவிடும். அண்ணனுக்கு இரவெல்லாம் தலைவலி, வாந்தி. அதனால் முடிந்தால் நடுவில் சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் சூக்ரே நகரத்தில் சில நாள் தங்கிவிட்டு ஏறுங்கள். வயதானவர்கள், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அங்கே ஓட்டலில் கோகா இலைத் தேநீர் தருவார்கள், குடிக்கலாம், ஆனால் அந்த இலையை மலேசியாவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், இங்கே சட்ட விரோதம். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பி வரும்போது நம் நாட்டு எல்லையிலேயே அதைக் கேட்பார்கள்.