பாரிசில் படிக்கும் மாணவர்களே, இலவச நுழைவுக்குப் பணம் கட்டாதீர்கள்

‘மாணவர் கலாசாரச் சுற்றுலா’ என்று லூவர் அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் சேர்த்து ஆளுக்கு 65 யூரோ வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார்கள். வாங்கியவர் தமிழ் பேசுபவர். புதிதாக வந்த பிள்ளைகளைத்தான் குறிவைக்கிறார் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த இரண்டு இடங்களிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயது நிரம்பாதவர்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஓர்சே அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று பார்ப்பதில்லை. நீண்டகால மாணவர் விசாவோ குடியிருப்பு அட்டையோ காட்டினால் போதும். லூவருக்கும் வெர்சாய்க்கும் இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அதற்கும் காசு இல்லை.

லூவர் வாசலில்தான் முதல் சந்தேகம் வந்தது. கைப்பேசிக்கு வந்த டிக்கெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், விலை 0,00 யூரோ! எங்கள் பெயரிலேயே இலவச டிக்கெட் எடுத்து எங்களிடமே விற்றிருக்கிறார். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்றதும் பொய். பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோரும் நின்றுதான் ஆக வேண்டும். வழிகாட்டி என்று வந்த இளைஞர் கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்; படத்தின் முன் நின்று ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை.

வெர்சாய்ப் பயணம் இன்னும் மோசம். ‘திங்கட்கிழமை கூட்டம் இருக்காது’ என்று பணம் வாங்கியவரே அழைத்துப் போனார். கூட்டம் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பொன்முலாம் பூசிய கம்பிக் கதவு சாத்தியிருந்தது. நவம்பர் குளிரில், அன்று எவரும் காசில்லாமல் நுழையக்கூடிய தோட்டத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு, “பார்த்தாயிற்று அல்லவா, கிளம்பலாம்” என்றார். கண்ணாடி மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆசைப்பட்ட ஒரு தங்கை அங்கேயே அழுதுவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “தம்பி, பயணம் என்றுதான் சொன்னோம், உள்ளே கூட்டிப்போவதாக யார் சொன்னது?” என்றார். அவர் அனுப்பிய விளம்பரத்திலேயே ‘அரண்மனை நுழைவு உட்பட’ என்று இருக்கிறது. அதைக் காட்டியதும் எங்கள் எண்களை முடக்கிவிட்டார். வெளியூரில் தமிழ்க்குரல் கேட்டால் மனம் இளகும் பிள்ளைகளிடம் இப்படிச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரான்சில் அருங்காட்சியகங்களுக்குள் சுற்றுலா நிறுவனம் அனுப்பும் வழிகாட்டிக்குத் தொழில் அட்டை இருக்க வேண்டும். யாராவது குழுவாக அழைத்தால் அந்த அட்டையை முதலில் கேளுங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள்: லூவருக்குச் செவ்வாய், வெர்சாய்க்கும் ஓர்சேக்கும் திங்கள். 26 வயதைக் கடந்தவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஓர்சேவை இலவசமாகப் பார்க்கலாம்.

இவரிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விளம்பரம், ரசீது, உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவில் நாங்கள் புகார் பதிந்திருக்கிறோம், நீங்களும் பதியுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியிடமும் முறையிடுங்கள்.