ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுகிறவர் பச்சை வயரைத் தொட்டால் வேலையை நிறுத்துங்கள்

பழைய வீட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் பல இடங்களில் இரண்டு வயர்தான் இருக்கும். ஒன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர்; மற்றது விளக்குக்குப் போவது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேராகக் கூரைப் பாயின்ட்டுக்குப் போயிருக்கும். ஸ்மார்ட் சுவிட்சாகப் பெட்டிக்குள் வைக்கும் மலிவான வைஃபை ரிலே மாட்யூலுக்கோ (போன் சொன்னபடி விளக்கைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) விளக்கு அணைந்திருக்கும்போதும் கரண்ட் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. புதிதாக நியூட்ரல் இழுக்கச் சோம்பல்படுகிறவர், உலோகப் பெட்டிக்காக வந்திருக்கும் பச்சை எர்த் வயரை மாட்யூலில் நியூட்ரலுக்கான 'என்' முனையில் செருகிவிடுகிறார். போனில் தட்டினால் விளக்கு எரியும், அணையும். காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

முதல் மாட்யூலில் எதுவும் தெரியாது. 1 வாட் இழுக்கும் மாட்யூல் 230 வோல்ட்டில் எர்த் வழியாகக் குறைந்தது 4 மில்லி ஆம்பியர் அனுப்பும். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் கருவிதான் ஆர்சிசிபி; 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கசிவு 15-ஐத் தாண்டினாலே விழலாம். ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் போன்றவற்றின் இயல்பான கசிவும் சேர, நான்கைந்து மாட்யூலுக்குப் பிறகு காரணமே தெரியாமல் டிரிப் ஆகத் தொடங்கும். கூப்பிட்டுக் கேட்டால் வரும் பதில்: "ஆர்சிசிபி போயிடுச்சு சார், எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம்." உயிர் காக்கும் ஒரே கருவியையும் கழற்றச் சொல்லும் பேச்சு இது. ஒப்புக்கொள்ளவே கூடாது. அதன்பின் எங்கேயாவது எர்த் வயர் அறுந்தால், மாட்யூல் வழியாக வரும் பேஸ் அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் வாஷிங் மெஷின் உடம்பு வரை வந்து நிற்கும்.

மீட்டரில் வோல்டேஜ் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அதே 230 காட்டும். மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, பெட்டியைத் திறந்து 'என்' முனையில் இருக்கும் வயரின் நிறத்தைப் பாருங்கள். மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள், அந்த வேலையும் நடக்கிறது.

பக்கத்து அறை நியூட்ரலை இரவல் வாங்குவது இன்னொரு தவறு. இரண்டு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருந்தால் இரண்டுமே விழலாம். ஒன்றின் எம்சிபியை (அந்த சர்க்யூட்டின் டிரிப் சுவிட்சை) அணைத்துவிட்டுக் கை வைத்தால், இறந்துவிட்டதாக நினைத்த நியூட்ரல் ஷாக் அடிக்கலாம்.

சரியான வழிகள் உண்டு. அதே சர்க்யூட்டின் நியூட்ரலை 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே குழாய் வழியே இழுக்கலாம். அது முடியாவிட்டால் மாட்யூலைக் கூரைப் பாயின்ட்டில் வைக்கலாம். சுவிட்ச் பெட்டியில் அந்த இரண்டு வயரையும் கனெக்டரில் இணைத்துவிட்டால் மேலே எப்போதும் பேஸ் இருக்கும், நியூட்ரல் ஏற்கெனவே இருக்கிறது. சுவருக்குப் பேட்டரி வயர்லெஸ் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளலாம். நியூட்ரல் தேவைப்படாத மாட்யூலும் கிடைக்கிறது, ஆனால் அது விளக்கு வழியாகவே சிறு கரண்ட் அனுப்புவதால் சின்ன எல்இடி அணைந்த பிறகும் மங்கலாக மினுக்கும். அந்த மினுக்கலைத் தடுக்க மாட்யூலோடு வரும் பைபாஸ் கெப்பாசிட்டரைச் சுவிட்சில் அல்ல, விளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட வேண்டும்.

பெட்டியில் அச்சடித்த ஆம்பியரையும் அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. பல எல்இடி விளக்குகளின் டிரைவர்கள் (உள்ளே கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) ஒன்றாக ஆன் ஆகும் கணத்தில் பாயும் கரண்ட் பல மடங்கு, அதில் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையவே அணையாது. பழைய சோக் வைத்த டியூப் லைட்டை ரிலேயில் போடாமல் எல்இடிக்கு மாற்றிவிட்டு மாட்டுங்கள். பல மினி மாட்யூல்களில் எஸ்1, எஸ்2 முனைகள் வெறும் சுவிட்சுக்கானவை, பேஸ் கொடுத்தால் அந்த நிமிடமே கருகும்.

கடைசியாக, மாட்டுகிறவர் தன் போனில் தன் கணக்கில் பதிவு செய்ய விடாதீர்கள். சில வகைகளில் முதல் கணக்கிலிருந்து நீக்கினால்தான் வேறு கணக்கில் சேரும், மாட்யூலின் ரீசெட் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயனில்லை. உங்கள் கணக்கை முதலில் திறந்து, போனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாட்யூலும் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபின் பணம் கொடுங்கள்.