ஓரம் காலியா விட்ட பைபிள்: குழுவா சேந்து ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

போன வருஷம் எங்க சபையோட வாராந்திர பைபிள் ஸ்டடி குரூப்புக்கு ஒரே மாதிரி ஒன்பது பைபிள் வாங்குனோம். வைட் மார்ஜின்னு சொல்லுவாங்க, வசனம் பக்கத்துல ரெண்டு பத்தியா பிரியாம ஒரே பத்தியா ஓடும், வெளி ஓரத்துல ஒரு இன்ச்சுக்கு மேல வெத்து இடம் விட்ருப்பாங்க, நம்ம எழுதிக்கிறதுக்கு. பன்னெண்டு மாசம் முழுசா ஓடிருச்சு. வாங்கலாமா வேணாமான்னு மத்த குரூப்ல இருந்து நிறைய பேர் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

இதுக்கு முன்னாடி எங்க எல்லார் கைலயும் இருந்தது பக்கத்துக்குப் பாதி விளக்கக் குறிப்பு அச்சடிச்சு வர்ற ஸ்டடி பைபிள். நல்ல பைபிள் தான், வீட்டுல இப்பவும் அத எடுத்துப் பாக்குறேன். ஆனா குரூப்ல பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டா போதும், எல்லார் கண்ணும் நேரா பக்கத்தோட அடிக்குப் போயிரும், யாராவது ஒருத்தர் அங்க இருக்குறத வாசிப்பாங்க, பதில் சரியாவும் இருக்கும், அதோட பேச்சு முடிஞ்சிரும். வசனத்தை யாரும் ரெண்டாவது தடவ திரும்பிப் பாக்கவே மாட்டாங்க. அதனால பாஸ்டர் தான் சொன்னாரு, ஒரு வருஷம் குறிப்பே இல்லாத பைபிள வச்சுப் பாப்போம், குறிப்ப நம்ம எழுதுவோம்னு.

இது ஒண்ணும் புதுசு இல்ல. ஜோனத்தன் எட்வர்ட்ஸ்னு ஒரு பிரசங்கியார், அவர் கைக்கு 1730-ல ஒரு பைபிள் வந்துச்சு, சின்ன பைபிள பிரிச்சு நடுநடுவுல பெரிய வெத்துத் தாள் வச்சு தைச்சது. 1758-ல சாகுற வரைக்கும் அதுல 5000-க்கும் மேல குறிப்பு எழுதிருக்காரு. இசையமைப்பாளர் பாக் வச்சிருந்த பைபிள் விளக்கம் அச்சடிச்சு வந்தது தான், ஆனா அவரும் அதோட ஓரத்துல எழுதிருக்காரு. 2 நாளாகமம் 5:13-ல பாடகர்களும் பூரிகை ஊதுறவங்களும் ஒரே சத்தமா துதிக்கும்போது ஆலயத்தை மேகம் நிரப்பும்ல, அந்த இடத்துல பக்தியோட வாசிக்கிற இசையில தேவன் எப்பவும் தம்ம கிருபையோட கூட இருக்காருன்னு கைப்பட எழுதி வச்சிருக்காரு. எங்க குரூப்ல பாடகர் குழு அண்ணன் ஒருத்தர் இருக்காரு, இத கேட்டதுக்கு அப்புறம் தான் அவர் பென்சிலயே கையில எடுத்தாரு.

நாங்க வச்சுக்கிட்ட ரூல் ரொம்ப சிம்பிள். வீட்டுல வாசிச்சிட்டு வரணும், ஓரத்துல ஒரு கேள்வியாவது தேதி போட்டு எழுதிருக்கணும், பதில் எழுதக் கூடாது. குரூப் ஆரம்பிச்சதும் முதல் பத்து நிமிஷம் பக்கத்துல இருக்குறவங்களோட பைபிள மாத்திக்கிட்டு அவங்க ஓரத்த வாசிக்கணும். சொந்த விஷயம், ஜெபக் குறிப்பு எதுவும் அதுல எழுத வேணாம்னு மொதல்லயே சொல்லிட்டோம், அது முக்கியம், இல்லன்னா பைபிள கைமாத்தவே எல்லாரும் யோசிப்பாங்க.

இந்த மாத்திக்கிற பழக்கம் என்ன பண்ணுச்சுன்னு ஒண்ணு சொல்றேன். குரூப்ல ஒரு ஆன்ட்டி, வருஷக்கணக்கா வர்றாங்க, வாயே திறந்தது இல்ல, ஜெபம் பண்ணச் சொன்னாக் கூட தலைய ஆட்டிருவாங்க. ரூத் புஸ்தகம் ஓடுன வாரம் அவங்க பைபிள் என் கைக்கு வந்துச்சு. முதல் அதிகாரம் 21-ம் வசனம், நிறைவா போனேன், வெறுமையா திரும்பி வந்தேன்னு ரூத்தோட மாமியார் நகோமி, புருஷனையும் பிள்ளைங்களையும் பறிகொடுத்துட்டு புலம்புறாங்கள்ல, அதுக்கு நேரா பென்சில்ல நுணுக்கி எழுதிருந்தாங்க: "ரூத் பக்கத்துல தானே நிக்கிறா?" நான் எத்தனையோ தடவ வாசிச்ச இடம், எனக்கு அது தோணவே இல்ல. அடுத்த வசனத்துலயே ரூத் கூட வந்தான்னு எழுதிருக்கு. ஆன்ட்டி அதோட விடல, அங்க இருந்து 4:15-ன்னு ஒரு அம்புக்குறி போட்டு வச்சிருந்தாங்க, அங்க போய்ப் பாத்தா, ஏழு பிள்ளைங்கள விட உன் மருமக உனக்கு மேலானவன்னு ஊர்ப் பொம்பளைங்க நகோமிக்குச் சொல்றாங்க. நான் அத சத்தமா வாசிச்சேன். அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு கேள்வியில தான் போச்சு, கஷ்டத்துல இருக்குறப்ப பக்கத்துல நிக்கிற ஆள நம்ம எப்படி கவனிக்காம விட்டுர்றோம்னு ஒவ்வொருத்தரா பேசுனாங்க, ஆன்ட்டியும் பேசுனாங்க. இப்ப மாசத்துல ஒரு வாரம் குரூப்ப நடத்துறதே அவங்க தான்.

ஒத்தப் பத்தி அமைப்பும் நல்லா கைகொடுக்குது. அதிகார எண், வசன எண் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது, அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டு வாக்குல, புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்குற வசன எண் 1551-ல ராபர்ட் எஸ்டியென்னு ஒரு பிரெஞ்சு அச்சகர் போட்டது. இந்தப் பைபிள்ல அதிகாரத்துக்கு நடுவுல பெரிய இடைவெளி விடாததால தொடர்ச்சியா வாசிக்க வருது. யோவான் 7 கடைசியில அவரவர் தங்கள் வீட்டுக்குப் போனாங்கன்னு முடியும், 8 ஆரம்பத்துல இயேசு ஒலிவமலைக்குப் போனாரு. சேத்து வாசிச்சா தான் மத்தவங்களுக்கு வீடு, அவருக்கு மலைன்னு மனசுல தைக்குது.

சரி, பொருளோட தரம். தாள் 36 ஜிஎஸ்எம்னு போட்ருக்கு, சாதாரண பிரிண்டர் பேப்பர்ல பாதி கனம் தான், அதனால எழுதுனது பின்பக்கம் லேசா நிழல் மாதிரி தெரியும். ஜெல் பேனா வேணவே வேணாம், ஒரு தம்பி ரோமர் 8 பூரா ஜெல் பேனால எழுதி பின்பக்கம் வாசிக்கவே முடியாம போச்சு, பாவம் ரொம்ப வருத்தப்பட்டான். ஹைலைட்டர் ஈரத்துல தாள் சுருங்குது. பால் பாயின்ட் ஊறாது, ஆனா அழுத்தி எழுதுனா தாள்ல தடம் விழும். பிக்மென்ட் இங்க் பேனா, நுனி 0.2 இல்ல அதவிடச் சின்னது, அது ஓகே. பென்சில் தான் எல்லாத்தையும் விட பெஸ்ட், அடிக்கோடு போட கலர் பென்சில். எதுவா இருந்தாலும் கடைசி வெத்துப் பக்கத்துல மொதல்ல கிறுக்கிப் பாத்துருங்க.

பைண்டிங் நூல் தையல், அதனால ஆதியாகமம் 1-லயே மேசையில தட்டையா படுத்துக்கும், எழுத அது ரொம்ப அவசியம். பசை மட்டும் போட்டு ஒட்டுனத வாங்காதீங்க, விரிச்சு விரிச்சு எழுதுனா தாள் கழண்டுரும்.

குறைன்னு பாத்தா, உள் ஓரம் கொஞ்சங்கூட விடல, தையல் பக்கம் எழுத இடமே கிடையாது. ஒன்பதுல ரெண்டு பைபிள்ல ரிப்பன் ஆறு மாசத்துல கழண்டு வந்துருச்சு. எழுத்து சின்னது, வயசானவங்க ரெண்டு பேர் பூதக்கண்ணாடி வச்சுத் தான் வாசிக்கிறாங்க, அவங்களுக்கு இத வாங்கிக் குடுத்தது எங்க தப்பு, பெரிய எழுத்து பைபிளும் தனியா ஒரு நோட்டும் குடுத்திருக்கணும். பின்னாடி எந்தச் சொல் எந்த வசனத்துல வருதுன்னு காட்டுற ஒத்தவாக்கிய அகராதி பேருக்கு தான் இருக்கு. கனமும் ஜாஸ்தி.

புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க தனியா வாசிக்க இத மட்டும் குடுக்காதீங்க, பின்னணி தெரியாம தடுமாறுவாங்க, பக்கத்துல விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேணும். அப்போஸ்தலர் 8-ல, வாசிக்கிறது புரியுதான்னு பிலிப்பு கேட்டதுக்கு, ஒருத்தர் வழிகாட்டாம எப்படிப் புரியும்னு அந்த எத்தியோப்பிய மந்திரி அதத் தானே சொன்னாரு. ஸ்டடி பைபிள நாங்களும் தூக்கிப் போடல, ஒண்ணு ரெண்டு காப்பி மேசையில இருக்கும், எல்லாரும் பேசி முடிச்சதுக்கு அப்புறம் தான் அத திறக்குறது.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். வாலிபர் குரூப்புக்கு இன்னும் பன்னெண்டு ஆர்டர் போட்ருக்கோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பென்சில் சேத்து. ஆன்ட்டி தன்னோடத பேத்திக்கு குடுக்கப் போறாங்களாம், ஓரத்துல இருக்குற எதையும் அழிக்காம.