ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன் கக்கூஸ் குழாயைத் திறந்து பாருங்கள்

2021 மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கொரோனா வந்த என் அம்மாவை ஆறு நாள் வைத்திருந்தோம். வைத்தியம் சரியில்லை என்று சொல்ல வரவில்லை. ஊசியும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தார்கள், ஆக்சிஜன் தடையில்லாமல் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. அந்தத் தண்ணீருக்கும் சுத்தத்துக்கும் சேர்த்து எங்களிடம் பணமும் வாங்கினார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் போடவில்லை. அதன் மேல் நான் கொடுத்த புகார் மனு இன்னும் முழுதாக முடியவில்லை. அதோடு, இதே கதையைத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கத்து ஆட்கள் வேறு ஆஸ்பத்திரிகளை வைத்தும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 91-க்கு இறங்கியிருந்தது. ஊரில் முழு ஊரடங்கு. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சேரன்மகாதேவியிலிருந்து வண்டியில் வரும்போதே என் தம்பி போன் மேல் போன் போட்டுக்கொண்டு வந்தான். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டான்: "பெட் இருக்கா? ஆக்சிஜன் இருக்கா?" இருக்கு என்று முதலில் சொன்ன இடத்துக்குப் போனோம். ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினோம். பெண்கள் வார்டு இரண்டாம் மாடியில். பொம்பளை ஆள் ஒருத்தர் கூட இருக்கலாம் என்றார்கள், நான் இருந்தேன்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போனேன். குழாயைத் திருகினால் முதலில் காற்று, அப்புறம் நாலு சொட்டு. மூலையில் ஒரு நீல வாளி. அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் பிடி உடைந்த கப். அந்த மாடியில் பதினோரு நோயாளிகள், அவர்களோடு இருக்கும் ஆட்கள், நர்ஸ்கள், எல்லோருக்கும் அந்த ஒரு கக்கூஸ்தான். பக்கத்தில் இன்னொன்று பூட்டிக் கிடந்தது, உள்ளே உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வாஷ்பேசினில் சோப்பு டப்பா சுவரோடு பொருத்தியிருந்தது. அமுக்கினேன், காலி. ஆறு நாளும் காலியாகத்தான் இருந்தது.

நர்ஸிடம் கேட்டேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளை. "போர் தண்ணி கீழ போயிட்டுக்கா. எட்டு மணிக்கு லாரி வரும், வந்ததும் மோட்டார் போடுவாங்க" என்றாள். லாரி வரும்போது மணி பதினொன்றரை. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மறுபடியும் குழாயில் காற்று.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மொட்டைமாடிக்கே போய்ப் பார்த்தேன். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி இரண்டு நின்றன. ஒன்றில் மேலிருந்து கீழ்வரை விரிசல், உள்ளே காய்ந்து கிடந்தது. ஆக மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தொட்டி. உள்நோயாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே அளவு சொல்லியிருக்கிறது. அங்கே 22 படுக்கை. ஆளுக்கு 60 லிட்டர் என்றால் 1,320 லிட்டர். இது நோயாளிகளுக்கு மட்டும். கூட இருக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், தரை துடைக்க, துணி துவைக்க என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். அத்தனைக்கும் ஒரு தொட்டி, ஒரு லாரி. தாமிரபரணி ஓடுகிற ஊர் இது. பாபநாசத்திலிருந்து கோடையிலும் வற்றாமல் வருகிற ஆறு. அந்த ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாளித் தண்ணீருக்கு நின்றோம்.

கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் தொங்கியது. அதுவாவது இருக்கிறதே என்று நினைத்தேன். கையில் ஊற்றினால் ஸ்பிரிட்டின் அந்தச் சில்லிப்பே இல்லை, வாசனை இல்லை. ஒரு நிமிடம் தேய்த்தும் கை ஈரமாகவே இருந்தது. குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருந்தால்தான் கிருமி சாகும், சரியான சானிடைசர் என்றால் இருபது முப்பது விநாடி தேய்ப்பதற்குள் கை காய்ந்துவிடும். ராத்திரி ஒரு பையன் வந்து பாட்டில்களை நிரப்பினான். பெரிய கேனிலிருந்து பாதி, குடிதண்ணீர் கேனிலிருந்து பாதி. என் கண்ணால் பார்த்தேன்.

நர்ஸ்கள் கையுறை போட்டிருந்தார்கள், பார்க்கச் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் முதல் கட்டிலில் போட்ட அதே கையுறையோடு பதினோராம் கட்டில்வரை போனார்கள். ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றிய கை அடுத்தவர் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தொடும். கையுறையும் தோல் மாதிரிதான், அதிலும் கிருமி ஒட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் இது தெரியும், படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். கழுவத் தண்ணீர் இல்லாத வார்டில் எதை வைத்துக் கழுவுவார்கள்?

தரை துடைக்கிற அக்காவிடம் முதல் நாள் கோபப்பட்டுவிட்டேன், அது என் தப்பு. ஒரே வாளி, ஒரே மாப்பு. கக்கூஸைத் துடைத்துவிட்டு அதே சாம்பல் நிறத் தண்ணீரில் முக்கி வார்டுக்கு வந்தாள். "என்னக்கா இது?" என்று சத்தம் போட்டேன். அவள் பதில் சொல்லாமல் இடுப்பில் செருகியிருந்த பாலிதீன் கவரை எடுத்துக் காட்டினாள். உள்ளே துண்டு சோப்பு, தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆகியிருந்தது. "எங்க கைக்கு நாங்களே வாங்கிட்டு வாரோம்மா. தண்ணியும் பிளீச்சிங் பவுடரும் வேணும்னு நாலு நாளா கேக்கேன்" என்றாள். பவுடர் வந்த அன்றைக்கு அளவு சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. ஒரு கை அள்ளி அழுக்குத் தண்ணீரிலேயே போட்டார்கள். அழுக்கில் விழுந்தால் குளோரின் அந்த அழுக்கோடேயே தீர்ந்துபோகும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்புறம்தான் மருந்துத் தண்ணீர் போட வேண்டும். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பைகளும் அப்படித்தான். கொரோனா கழிவை இரட்டைப் பையில் கட்டித் தனியே வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லியிருந்தது. இங்கே ஒற்றைப் பையில், வாய் கட்டாமல், குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கிடந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று, அது நாலாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

பாட்டிலில் காலையில் நிரப்பின தண்ணீர் சாயங்காலம் அப்படியே இருந்தது. கஞ்சியும் இரண்டு வாய்தான். காய்ச்சல், அதனால் வாய்க்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு மூத்திரம் போகும்போது எரிகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன்மா குடிக்கல என்று கேட்டால், "குடிச்சா போகணும்லா ஏட்டி. ஒரு வாளித் தண்ணிக்கு நீ மாடி ஏறி இறங்குத. அந்த இடத்துல கால வைக்கவே முடியல" என்றாள். பக்கத்துக் கட்டில் பெரியம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். கேட்டுப் பார்த்தால் அந்த வார்டில் பாதிப் பேர் அப்படித்தான். உடம்பு காய்ச்சலில் கொதிக்கும்போது, நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். குடிக்காமல் கிடக்கிறார்கள், கக்கூஸில் தண்ணீர் இல்லை என்று. ஆண்கள் வார்டில் இந்தக் கஷ்டம் இந்த அளவுக்கு இருந்திருக்காது.

மூத்திரத்தில் இன்பெக்‌ஷன். அதற்கு வேறு ஆன்டிபயாடிக், வேறு டெஸ்ட், வேறு பணம். வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஊர் டாக்டரிடம் காட்டியபோது அவரும் தண்ணீர் குடிக்காததைத்தான் முதலில் சொன்னார்.

ஆறாம் நாள் பில் வந்தது. "கிருமிநீக்கம் மற்றும் சுகாதாரக் கட்டணம்" என்று ஒரு வரி, நாளைக்கு 1,500, ஆறு நாளைக்கு 9,000. பி.பி.இ. கிட், அதாவது உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடுப்பு, தனியாக நாளைக்கு மூன்று என்று போட்டிருந்தது. ஆறு நாளில் முழு உடுப்போடு வந்த ஆளை நான் இரண்டு தடவைதான் பார்த்தேன். மேனேஜரிடம் கேட்டேன். "கொரோனா நேரம் மேடம், எல்லா ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான்" என்றார். தண்ணீரே இல்லாமல் என்ன சுகாதாரம் என்றேன். "கட்டினாத்தான் டிஸ்சார்ஜ்" என்றார். அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம், தம்பி கட்டிவிட்டு வந்தான்.

அப்புறம் விடவில்லை. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், மாவட்டத்தில் அதைப் பார்ப்பது மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். கொரோனா சிகிச்சைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசு 2020 ஜூனிலேயே உச்சக் கட்டணமும் வைத்திருந்தது. பில் நகல், காலி சோப்பு டப்பா, உடைந்த தொட்டி, மஞ்சள் பை எல்லாவற்றின் போட்டோவும் வைத்து, தேதியும் மணியும் எழுதி அந்த இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது, 9,000 திருப்பித் தந்தார்கள். பி.பி.இ. பணம் வரவில்லை. தண்ணீர் பற்றி எழுதியதற்கு எந்தப் பதிலும் வரவில்லை, இரண்டு தடவை நினைவூட்டல் போட்டேன்.

இனி உங்கள் வீட்டில் யாரையாவது சேர்க்கப் போனால், முன்பணம் கட்டும் முன்பு வார்டு இருக்கும் மாடிக்கு ஒருவர் ஏறிப் போய்க் கக்கூஸ் குழாயைத் திறந்து பாருங்கள், முடிந்தால் விடிகாலையில். ராத்திரித் தொட்டி தீர்ந்திருக்கும் நேரம் அது. சோப்பு டப்பாவை அமுக்கிப் பாருங்கள். சானிடைசரைக் கையில் ஊற்றிப் பாருங்கள், காய்கிறதா என்று. எத்தனை படுக்கை, எத்தனை கக்கூஸ், பெண்களுக்குத் தனியாக உண்டா என்று கேளுங்கள். இருபது உள்நோயாளிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், பூட்டி வைத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரி வராவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். மூச்சு வாங்கும் ஆளை வைத்துக்கொண்டு இதெல்லாம் பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அன்றைக்கு நானும் பார்க்கவில்லை. அப்படியென்றால் சேர்த்த பிறகாவது பாருங்கள். உங்கள் ஆள் எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை மூத்திரம் போனார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பெண்கள் என்றால் கட்டாயம். கேட்டால் சொல்ல மாட்டார்கள், பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பில்லில் சுகாதாரம், கிருமிநீக்கம் என்று தனி வரி இருந்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அரசு சுகாதார உதவி எண் 104-க்கு அடித்தும் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. எனக்கு இது தெரிய வந்தபோது இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

அந்த மே மாதத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் இதே மாதிரி வாளியோடு நின்றவர்கள் இருந்தால், உங்கள் பில்லில் சுகாதாரக் கட்டணம் எவ்வளவு போட்டிருந்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள். தண்ணீர் பற்றிய மனுவை நான் இன்னும் விடவில்லை. உங்கள் பில் நகலும் சேர்ந்தால் அடுத்த நினைவூட்டலோடு வைத்து அனுப்புவேன்.